நாலு தலைவர்கள், ஒரு ப்ராஜெக்ட்

அவளை வகுப்பில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. ‘டவுட்டு’ என்றால்தான் திரும்புவாள். முதல் ஆண்டில் வாத்தியார் போர்டில் ஒரு வரி எழுதி முடிப்பதற்குள் “சார், ஒரு டவுட்டு” என்று கை தூக்கியவள், கடைசி ஆண்டு வரை அந்தக் கையை இறக்கவே இல்லை. வாத்தியார்கள் முதலில் மெச்சினார்கள், பிறகு பொறுத்தார்கள், கடைசியில் அவள் இருக்கும் பக்கம் பார்க்காமலே பாடம் நடத்தப் பழகிக்கொண்டார்கள். அவர்களையும் குறை சொல்ல முடியாது. அவள் கேட்கிற சந்தேகம் பாடத்தைத் தெளிவாக்குகிற ரகம் இல்லை; தெளிவாகக் கிடந்த பாடத்தையும் கலக்கிவிட்டுப் போகிற ரகம்.

வீட்டிலும் அதே கதைதான். அப்பா லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். கடைக்குப் போய் சோப்பு வாங்கி வா என்று அவர் சொன்னால், “குளிக்கவாப்பா, துவைக்கவா? சின்னதா, பெரிசா? அது இல்லைன்னா வேற வாங்கலாமா, திரும்பி வந்துடவா?” என்று வாசலிலேயே நிற்பாள். அவர் பொறுத்துப் பார்த்துவிட்டுத் தானே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். சட்டை கம்பெனியில் காலர் தைக்கிற அம்மாவுக்கு இதில் ஒரு தனி விளக்கம் உண்டு. “பொறக்கும்போதே வெளிய வரலாமா வேண்டாமான்னு ஒரு நாள் பூரா யோசிச்சவதானே இவ!”

கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் மட்டும் அவள் வேறு ஆள். ஒரே கேள்வியை எத்தனை விதமாகக் கேட்டாலும் அது முகம் சுளிப்பதில்லை என்பதுதான் காரணம். புரோகிராம் எழுதுவது அவளுக்குத் தண்ணி பட்ட பாடு. அதைப் பற்றி இன்னொருவரிடம் வாயைத் திறந்து பேசுவதுதான் கண்டம்.

கடைசி ஆண்டு பிறந்ததும் கம்பெனிகள் வர ஆரம்பித்தன. கம்பெனி வருகிறது என்றால் கல்லூரிக்கே ஒரு களை வந்துவிடும். கழிப்பறையில் சோப்பு முளைக்கும். வருடம் முழுக்க ஓடாத லிஃப்ட் ஓடும். நேற்றுவரை ரப்பர் செருப்பில் திரிந்த பையன்கள் கடன் வாங்கிய ஷூவில் கால் கடிக்க நொண்டி நொண்டி வருவார்கள். டவுட்டு எழுத்துத் தேர்வில் எப்போதும் முதல் வரிசையில் இருப்பாள். இன்டர்வியூ அறைக்குள் போனதும் கவிழ்ந்துவிடுவாள். முதல் கம்பெனியில் “உங்க பலவீனம் என்ன?” என்று கேட்டார்கள். “எந்த விஷயத்துல சார்?” என்றாள். இன்னொரு கம்பெனியில் “அஞ்சு வருஷம் கழிச்சு உங்களை எங்க பார்க்கலாம்?” என்றார்கள். “அப்போ உங்க கம்பெனி இருக்குமா சார்?” என்று உண்மையான அக்கறையோடு விசாரித்தாள். அவர்களும் உண்மையான அக்கறையோடு அவளை வெளியே அனுப்பிவிட்டார்கள்.

இப்படியே ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போய், இனி இந்த வருடம் வருவது ஒரே ஒரு பெரிய கம்பெனிதான் என்ற நிலை வந்தது. இதுவும் போனால் என்ன ஆகும் என்பதில் அவளுக்கு டவுட்டே இல்லை. அத்தை ஒரு கடை நடத்துகிறாள். ஆன்லைனில் விண்ணப்பம் போடுகிறவர்களுக்குப் போட்டுக் கொடுக்கிற கடை. அங்கே இவளுக்காக ஒரு நாற்காலி காலியாக வைத்திருப்பதாக அத்தை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது அத்தை முகத்தில் ஒரு திருப்தி. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் வாழ்நாள் முழுக்க மற்றவர்கள் வேலைக்குத்தான் விண்ணப்பம் போட்டுக்கொண்டிருக்க வேண்டும்.

கல்லூரியில் பிளேஸ்மெண்ட் வேலை பார்க்கிற சார் ஒருவர் இருந்தார். மாணவர்களை வேலையில் சேர்த்துவிடுவது அவர் வேலை. சேராதவர்களை மறந்துவிடுவதும் அவர் வேலைதான். அவர் ஒரு நாள் எல்லோரையும் கூட்டி உட்கார வைத்து, பயோடேட்டாவில் ஒவ்வொருவரும் ‘டீம் லீடர்’ என்று போடவேண்டும் என்று உத்தரவு போட்டார்.

“சார், ஒரு டவுட்டு,” என்று எழுந்தாள். “ஒரு டீம்ல நாலு பேர் சார். நாலு பேரும் லீடர்னா, யாருக்கு லீடர்?”

“உட்காரும்மா. கம்பெனிக்காரன் என்ன, நாலு பேர் பயோடேட்டாவையும் பக்கத்துல பக்கத்துல வெச்சா பார்க்கப்போறான்?”

அவள் டீமில் அவளோடு சேர்த்து நாலு பேர். கல்லூரி விழா எது நடந்தாலும் மேடையேறிவிடுகிற ‘மைக்’ ஒருவன். பாடம், பரீட்சை, பிரளயம் எது வந்தாலும் வாயைப் பிளந்து கொட்டாவி விடுகிற ‘கொட்டாவி’ ஒருவன். மூன்றாவது, அவளுடைய உயிர்த்தோழி. காய்ச்சல் வந்தால் மாத்திரை கொடுப்பாள், சட்டைப் பட்டன் அறுந்தால் ஊசி நூல் நீட்டுவாள், அழுகிறவளைத் தோளில் சாய்த்துக்கொள்வாள். அதனால் வகுப்புக்கே ‘பெரியம்மா’. முதல் ஆண்டிலிருந்து டவுட்டும் பெரியம்மாவும் ஒரே பஸ், ஒரே சீட்.

போன வருடம் அவர்கள் செய்த ப்ராஜெக்ட், ஆஸ்பத்திரியில் டோக்கன் கொடுக்கிற புரோகிராம். அம்மாவின் கண்ணைக் காட்டப் போய், எப்போது கூப்பிடுவார்கள் என்று தெரியாமல் அரை நாள் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது டவுட்டுக்குத் தோன்றியது. திரையில் இருக்கிற பட்டனைத் தொட்டால் நம்பர் போட்ட சீட்டு வரும். எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பதும் அதிலேயே இருக்கும். முழுக்க அவள்தான் எழுதினாள். மற்றவர்கள் ஒப்புக்குச் சப்பாணிகள். மைக் அதற்கு ஒரு பெயர் வைத்தான், கொட்டாவி பக்கத்தில் இருந்தான், பெரியம்மா டீ வாங்கி வந்தாள்.

வாத்தியார்கள் பார்வையிட வருவதற்கு முந்தின நாள்தான் அந்தப் பிழை அவள் கண்ணில் பட்டது. பட்டனைச் சடசடவென்று அடுத்தடுத்துத் தொட்டால், முதல் ஆளுக்குக் கொடுத்த நம்பரைக் குறித்து வைப்பதற்குள் அடுத்த ஆளுக்கும் அதே நம்பரைக் கொடுத்துவிடுகிறது. எங்கே தவறு என்று தேடினாள், பிடிபடவில்லை. கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. கடைசியில் ஒரு குறுக்கு வழி செய்தாள். ஒருவர் தொட்டதும் இரண்டு விநாடிக்குப் பட்டனை மறைத்துவிட்டால், அதற்குள் புரோகிராம் தன் கணக்கை முடித்துக்கொள்ளும். மறைக்கத் திரையில் ஏதாவது வேண்டுமே? “ரெண்டு செகண்ட் காட்டறதுக்கு ஏதாவது வரைஞ்சு குடுடி,” என்று பெரியம்மாவிடம் கேட்டாள். எதற்கு என்று சொல்லவில்லை. சொல்லிப் புரியவைக்க நேரமும் இல்லை, தெம்பும் இல்லை.

பெரியம்மா ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்தாள். கன்னத்தில் இரண்டு பக்கமும் ரோஸ் நிறம் தடவி, புருவத்தைக் கொஞ்சம் தூக்கி, பார்க்கிறவர்களுக்கே சிரிப்பு வருகிற முகம்.

மறுநாள் துறைத் தலைவர் டோக்கன் பட்டனைத் தொட்டார். முகம் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டார். “நோயாளிக்கு மருந்தை விட முதல்ல இதுதான் வேணும். இது யாருக்குத் தோணுச்சு?” என்று கேட்டார். டவுட்டு பெரியம்மாவைக் கை காட்டினாள். அந்த வருடம் சிறந்த ப்ராஜெக்ட்டுக்கான பரிசு அவர்களுக்கு வந்தது, அந்த முகத்துக்காகவே வந்தது. அதற்குப் பிறகு போய், அது பிழையைப் பூசி மெழுகப் போட்ட சுண்ணாம்பு என்று எந்த வாயால் சொல்வது? நாளைக்குச் சொல்லலாம், சரி செய்துவிட்டுச் சொல்லலாம் என்று தள்ளித் தள்ளி, அவள் சொல்லவே இல்லை.

கம்பெனி வருவதற்கு முன் நூலக மாடிப்படிக்குக் கீழே மூன்று பேரையும் உட்கார வைத்துப் புரோகிராம் எப்படி வேலை செய்கிறது என்று சொல்லிக் கொடுத்தாள். மைக் எழுந்து நடந்துகொண்டே மனப்பாடம் செய்தான். கொட்டாவி கண்ணை மூடிக் கேட்டான். தூங்குகிறானா கேட்கிறானா என்பது கடைசிவரை தெரியவில்லை. பெரியம்மா ஒவ்வொன்றையும் திருப்பிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டாள். முகத்தைப் பற்றி மட்டும் டவுட்டு ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. அதுதான் தங்களுக்குத் தெரியுமே என்று மூன்று பேரும் நினைத்துக்கொண்டார்கள்.

கம்பெனி வந்த அன்று எழுத்துத் தேர்வில் நாலு பேரும் தேறிவிட்டார்கள். கம்ப்யூட்டர் லேபுக்குப் பக்கத்து அறையில் இன்டர்வியூ. வெளியே வராந்தாவில் பிளாஸ்டிக் நாற்காலிகள்; ஒருவர் உள்ளே போக எல்லோரும் ஒரு நாற்காலி நகர வேண்டும். மைக் உள்ளே போய் முகமெல்லாம் பல்லாக வெளியே வந்தான். “பிச்சு உதறிட்டேன்!” கொட்டாவி போன வேகத்தில் திரும்பி வந்து, “என்னமோ கேட்டாங்க,” என்றான். பெரியம்மா நிறைய நேரம் உள்ளே இருந்தாள். வரும்போது கண் பளபளத்தது. “நல்லா பேசினாங்கடி. அந்த முகத்தைப் பத்தி நிறைய கேட்டாங்க,” என்று டவுட்டின் காலரைச் சரிசெய்துவிட்டு, “போ, தைரியமா போ. திரும்பிக் கேள்வி மட்டும் கேக்காதே,” என்று உள்ளே தள்ளிவிட்டாள்.

உள்ளே ஏசி குளிர் தாங்காமல் சால்வை போர்த்திக்கொண்டு ஒரு மேடம் இருந்தார். பக்கத்தில் பல்வலியோ என்னவோ, கன்னத்தில் கை வைத்தபடி ஒரு சார். மேசையில் டவுட்டின் பயோடேட்டா இருந்தது. பக்கத்திலேயே இன்னும் மூன்று பயோடேட்டா இருந்தன. எப்படி வைக்கமாட்டார்கள் என்று பிளேஸ்மெண்ட் சார் சத்தியம் செய்தாரோ, அப்படித்தான் வைத்திருந்தார்கள்.

“வாங்க லீடர்,” என்றார் மேடம். “உங்க டீம்ல நீங்க நாலாவது லீடர்.”

டவுட்டு திருதிருவென்று விழித்தாள். சிரிக்கிற இடமா இது, மன்னிப்புக் கேட்கிற இடமா? ஒன்றும் புரியாமல் உட்கார்ந்தாள். ப்ராஜெக்ட்டை விளக்கச் சொன்னார்கள். அவள் வாயைத் திறந்ததும் மேடம் கையைக் காட்டி நிறுத்தினார்.

“‘அரை நாள் பெஞ்சில உட்கார்ந்திருந்தப்போதான் இந்த யோசனை வந்தது’, அதானே? மூணு பேரும் அதையேதான் சொன்னாங்க. அந்த பெஞ்சு தாங்குச்சா, நாலு பேரை?”

“அது நான்தான் மேடம். எங்க அம்மாவைக் கூட்டிட்டுப் போனப்போ...”

“ரெண்டாவதா வந்தவரும் அவங்க அம்மான்னுதான் சொன்னாரு,” என்றார் பல்வலி சார். கொட்டாவி அவளுடைய அம்மாவையும் சேர்த்தே மனப்பாடம் செய்திருக்கிறான்!

அடுத்து அவள் சொன்னது எல்லாமே ஏற்கெனவே சொல்லப்பட்டதாக இருந்தது. அவள் வார்த்தைகள்தான், ஆனால் மைக்கின் வாயிலிருந்து நன்றாகவே வந்திருக்கின்றன. அவள் வாயிலிருந்து தடுக்கித் தடுக்கி வந்தன. தன் சொந்த வேலையைத் தன்னுடையது என்று எப்படி நிரூபிப்பது? மேடம் கடிகாரத்தைப் பார்த்தார். இத்தோடு முடிந்தது, அத்தை நாற்காலியைத் துடைத்து வைக்கலாம் என்று டவுட்டுக்குத் தோன்றிவிட்டது.

“கடைசியா ஒண்ணு,” என்றார் மேடம். “அந்தச் சிரிச்ச மூஞ்சி. அதுவும் உங்க ஐடியாதானா?”

“அது ஐடியாவே இல்லை மேடம்.” அவளையும் மீறி வந்துவிட்டது. “அது ஒரு தப்பை மறைக்கறதுக்குப் போட்டது.”

சார் கன்னத்திலிருந்து கையை எடுத்தார். அதன் பிறகு மடை திறந்துகொண்டது. பட்டனை வேகமாகத் தொட்டால் ஒரே நம்பர் இரண்டு பேருக்குப் போவதை, தேடித் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் போனதை, இரண்டு விநாடி பட்டனை மறைத்ததை என்று எல்லாவற்றையும் கொட்டினாள்.

“சரி, ஆஸ்பத்திரி பெரிசு. ரெண்டு வாசல், ரெண்டு மெஷின். அப்போ?” என்று கேட்டார் சார்.

“ரெண்டு மூஞ்சியும் சிரிக்கும் சார். ரெண்டு பேருக்கும் ஒரே நம்பர் போகும்.”

சார் சிரித்துவிட்டு, வலித்ததோ என்னவோ, மறுபடி கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். எப்படிச் சரி செய்வாய் என்று ஒரு வெள்ளைத்தாளை நகர்த்தினார். ஒருவர் முடிக்கும்வரை இன்னொருவரை நிறுத்தி வைக்க வேண்டும் என்பது வரை அவள் வந்துவிட்டாள். எங்கே நிறுத்துவது என்பதில் சிக்கினாள். “தெரியலை சார். ஆனா ஒரு டவுட்டு. நிறுத்தி வெச்ச நேரத்துல முதல் ஆள் கரண்ட் போய் முடிக்காமலே விட்டுட்டா, ரெண்டாவது ஆள் கடைசி வரைக்கும் நிக்க வேண்டியதுதானா?” என்றாள். அதைக் கேட்டதும் மேடமும் சாரும் தங்களுக்குள் விவாதிக்க ஆரம்பித்துவிட்டார்கள். அவள் இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

விவாதம் ஓய்ந்ததும் மேடம் அவள் பக்கம் திரும்பினார். “இந்தத் தப்பு மத்த மூணு பேருக்கும் தெரியுமா?”

தெரியும் என்றால், தெரிந்தே மறைத்துப் பரிசு வாங்கினவர்கள் ஆகிறார்கள். தெரியாது என்றால், ப்ராஜெக்ட்டில் கையே வைக்காதவர்கள் ஆகிறார்கள். எந்தப் பக்கம் போனாலும் பெரியம்மா தலையில்தான் விழுகிறது. யோசித்து யோசித்து ஒன்றும் பிடிபடாமல், வாயை விட்டே கேட்டுவிட்டாள்.

“மேடம், ஒரு டவுட்டு. தெரியும்னு சொன்னா அவங்களுக்கு நல்லதா, தெரியாதுன்னு சொன்னா நல்லதா?”

மேடம் சிரிக்கவில்லை. “எது உண்மையோ அது.”

“தெரியாது மேடம். நான் சொல்லலை.”

“ஆனா ஒரு பொண்ணு, அது தன்னோட யோசனைன்னாங்களே. ஆஸ்பத்திரியில குழந்தைங்க பயந்து அழும், அதுக்காகத்தான் வரைஞ்சேன்னு.”

“வரைஞ்சது அவதான் மேடம். அது சத்தியமா அவ வரைஞ்சதுதான்,” என்றாள் அவசரமாக. மேடம் ஏதோ எழுதினார். யாருடைய தாளில் எழுதினார் என்பது அவளுக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் செமினார் ஹாலில் பிளேஸ்மெண்ட் சார் பெயர்களை வாசித்தார். முதல் பெயர் மைக். யாருக்கும் ஆச்சரியம் இல்லை. அடுத்தது கொட்டாவி. அவனே பக்கத்தில் இருந்தவனிடம் “என் பேரா சொன்னாங்க?” என்று கேட்டான். நாலு வாக்கியம் பேசியவனை எதைப் பார்த்து எடுத்தார்கள் என்பது அவர்களுக்கே வெளிச்சம். கடைசியில் டவுட்டின் பெயர் வந்தது. கைதட்டினார்கள். பிளேஸ்மெண்ட் சார் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பெரியம்மாவின் பெயர் அதில் இல்லை.

டவுட்டுக்குச் சந்தோஷப்படவும் தெரியவில்லை, வருத்தப்படவும் தெரியவில்லை. தன்னால்தானா? தான் ஒன்றுமே சொல்லாமல் இருந்திருந்தால் பெரியம்மாவுக்குக் கிடைத்திருக்குமா? அப்படியானால் கொட்டாவிக்கு எப்படிக் கிடைத்தது? ஒரு கணக்கும் நேராகவில்லை. கூட்டத்தை விட்டு நழுவி, வராந்தாவில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் போய் நின்றுகொண்டாள். பெரியம்மா எல்லோருக்கும் கை கொடுத்து முடித்துவிட்டு அங்கேயே வந்தாள்.

“அழாதேடி லூசு. எனக்கு வேற கம்பெனி வரும்,” என்று கைக்குட்டையை நீட்டினாள். பிறகு சாதாரணமாகத்தான் கேட்டாள். “உள்ள உன்கிட்டயும் அந்த முகத்தைப் பத்திக் கேட்டாங்களா?”

பொய் சொல்லத் தெரிந்தவளாக இருந்தால் அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். டவுட்டு எல்லாவற்றையும் சொன்னாள், இரண்டு விநாடி உட்பட.

“அப்போ அதுக்காகத்தான் வரையச் சொன்னியா?”

“ஆமாடி.”

“நான் நிஜமாவே குழந்தைங்களுக்குன்னு நினைச்சேன்டி. எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா?” அவள் குரல் உடையவில்லை, அதுதான் டவுட்டுக்குத் தாங்கவில்லை. “உள்ள போய் நீ சொன்னது தப்பே இல்லை. கேட்டா சொல்லத்தான் வேணும். ஆனா ஒரு வருஷமா தினமும் என் பக்கத்துலதானே உட்கார்ந்து வந்தே? என்கிட்ட சொல்றதுக்கு என்னடி?”

டவுட்டுக்கு அவமானமாக இருந்தது. அந்த நேரம் பார்த்து அவள் போன் அடித்தது. அப்பா. எடுத்துக் காதில் வைத்தாள். பேச்சு வரவில்லை, அழுகைதான் வந்தது. “என்னாச்சும்மா? போச்சா? போனாப் போகுது விடு, அழாதே,” என்று அங்கே அவர் பதறுகிறார். பெரியம்மா அவள் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டாள்.

“அங்கிள், நான்தான் பேசறேன். ஒண்ணும் ஆகலை. சந்தோஷத்துல அவளால பேச முடியலை. கிடைச்சிருச்சு அங்கிள். ஆமா, சாஃப்ட்வேர் இன்ஜினியர்தான்.”

அவர் எந்தக் கட்டிடத்தின் லிஃப்ட் குழிக்குள் நின்றுகொண்டிருந்தாரோ, “டேய், என் பொண்ணுக்கு வேலை கிடைச்சிருச்சுடா!” என்று அவர் மேலே பார்த்துக் கத்தியது எதிரொலியோடு கேட்டது. யாரோ விசிலடித்தார்கள். பிறகு அவர் மூச்சு வாங்கிக்கொண்டு, “உனக்கும்தானேம்மா?” என்றார்.

“எனக்கு இல்லை அங்கிள்.”

விசிலை நிறுத்தச் சொல்லி அவர் யாரையோ அதட்டுவது கேட்டது.

“அதெப்படிம்மா?” என்றார் அவர் குழம்பிப்போய். “ஒரே ப்ராஜெக்ட்தானே? ரெண்டு பேரும் சேர்ந்துதானே பண்ணீங்க?”

பெரியம்மா டவுட்டைப் பார்த்தாள். பார்வையை எடுக்காமலே பதில் சொன்னாள்.

“ஆமா அங்கிள். சேர்ந்துதான் பண்ணோம்.”